இரண்டாம் சிலிண்டர்

நீலப் புகையை முதலில் கண்டது நானல்ல. நான் படிப்பிக்கும் பாடசாலைக்கு என் பின்னால் ஸ்கூட்டரில் வந்த விஞ்ஞான ஆசிரியைதான் கண்டார். நான் காரை மரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்கியபோது, மூக்கைப் பொத்தியிருந்த கையை எடுக்காமலே, சந்தியிலிருந்து என் புகையைத் தின்றுகொண்டு வந்ததாகச் சொன்னார். கறுப்பா வெள்ளையா என்று கேட்டேன். நீலம் என்றார்.

அன்று பின்னேரம் அதைக் கணவருக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினேன். அவர் கட்டாரில் தண்ணீர் பவுசர் ஓட்டுகிறார். அங்கே ஓட்டத்தில் இருக்கும்போது போனைத் தொடக் கூடாது. ஆகவே எங்கள் பேச்சு எப்போதும் இப்படித்தான்: நான் பின்னேரம் சொல்வதற்கு அவர் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு பதில் சொல்வார்; அதை நான் விடிய சுபஹ் தொழுகைக்கு எழும்பிக் கேட்பேன். மறுநாள் காலை கேட்டபோது குரலில் ஒரு கனம் இருந்தது. ஒயில் குறைகிறதா பார், மூடியைக் கழற்றினால் உள்ளேயிருந்து புகை வருகிறதா பார், யாரையும் எஞ்சினில் கைவைக்க விடாதே என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில்தான் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. என் வாப்பா எனக்காகச் சாய்ந்தமருதில் கட்டிவைத்த வீட்டுக்குத்தான் என் கணவர் கலியாணம் முடித்து வந்தார். இத்தனை வருடம் கழிந்தும் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அடிப்பார். நான் சிரிப்பேன், அவர் சிரிக்கமாட்டார். கார் அப்படியல்ல. வெளிநாடு போன முதல் ஐந்தாறு வருடத்து உழைப்பில் அவர் வாங்கிய பழைய ஜப்பான் கார் அது. வெள்ளை நிறம், வலப்பக்கக் கதவில் ஒரு நீளக் கீறல். ஒரு நாள் நிரந்தரமாக ஊருக்கு வந்து, அந்தக் காரை வைத்து ஹயர் ஓடிப் பிழைப்பதுதான் அவருடைய எண்ணம். விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றலாம், நோயாளிகளை மட்டக்களப்புக்குக் கொண்டுபோகலாம், கலியாண வீடுகளுக்கு ஓடலாம். இதையெல்லாம் அவர் எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். கேட்கக் கேட்க எனக்கும் அந்தக் கார் வெறும் கார் என்று தோன்றுவது நின்றுபோனது.

அவர் இல்லாத காலத்தில் கார் சும்மா நிற்கக் கூடாது என்று நான் ஓட்டப் பழகினேன். வீட்டிலிருந்து கல்முனையிலுள்ள பாடசாலைக்கு, பாடசாலையிலிருந்து வீட்டுக்கு. அவ்வளவுதான் என் ஓட்டம். லீவில் அவர் வந்துபோனால் டிரைவர் சீட் பின்னுக்குத் தள்ளியபடியே கிடக்கும். அதை முன்னுக்கு இழுக்க எனக்கு மனம் வராது. நாலைந்து நாளைக்குக் கால்விரல் நுனியால் பெடலை எட்டி எட்டி ஓட்டுவேன். ஒரு தடவை பிரேக் சரியாக எட்டாமல் மாட்டு வண்டியொன்றில் முட்டப் பார்த்தேன். அன்றுதான் சீட்டை இழுத்தேன்.

முதலில் காட்டிய கராஜில் பொனட்டைத் திறந்த கையோடு எஞ்சின் மாற்ற வேண்டும் என்றார்கள். வெளிநாட்டிலிருந்து வாகனம் வருவது நின்றுபோய், பழைய எஞ்சினுக்கும் ஆள் போட்டிபோட்ட காலம் அது. இன்றைக்கே சொன்னால்தான் ஒன்றைப் பிடித்து வைக்கலாம் என்று அவசரப்படுத்தினார்கள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்றிரவு அவர் நேரடியாகவே அழைத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பிறகு சொன்னார்:

"கொம்பனி இந்த மாசத்துக்குள்ள முடிவு கேக்குது புள்ள. இரிக்கிறதெண்டா இன்னும் ரெண்டு வருசத்துக்குச் சைன் வைக்கணும். எஞ்சின மாத்துறதெண்டா எனக்கு வர ஏலா. ரிங்க மட்டும் ஒருக்காப் பாக்கச் சொல்லு. ரிங் நல்லமெண்டா வந்துருவன்."

அந்தக் கடைசிச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். பிஸ்டன் ரிங் என்றால் என்ன என்று அதுவரை எனக்குத் தெரியாது. சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடுகிற பிஸ்டனைச் சுற்றி வளையல் மாதிரிப் போட்டிருப்பது, அது தேய்ந்தால் கீழேயிருக்கிற ஒயில் மேலே ஏறி எரியும், அந்தப் புகைதான் நீலம் என்று அவர் விளங்கப்படுத்தினார். மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டுக் கை ஏந்தியபோது, நோய்க்கும் பரீட்சைக்கும் கேட்கிற மாதிரி, ஓர் இரும்பு வளையம் தேயாமல் இருக்கவேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டேன். பக்கத்தில் தொழுதுகொண்டிருந்த மகளுக்குக் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது, உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள்.

ரிங் பார்க்க என் கணவரின் பழைய கூட்டாளி ஒருவரிடம் போனேன். அவரும் கட்டாரில் ஒரே அறையில் இவரோடு இருந்தவர்தான். சில வருடங்களுக்கு முன்னர் திரும்பி வந்து, நிந்தவூர் போகும் வழியில் தகரக் கூரையின் கீழ் ஒரு கராஜ் போட்டிருந்தார். அண்ணன் முறையில் நான் அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன். அவர் வந்த புதிதில் அவருடைய மனைவியைக் கலியாண வீடொன்றில் கண்டேன். மனுஷன் வந்ததிலிருந்து சமைத்துச் சமைத்துக் களைத்துப்போனேன் என்று குறைப்பட்டுக்கொண்டாள். அந்தக் குறையைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. அப்படியொரு குறை எனக்கும் வேண்டும் போலிருந்தது.

காக்கா உடனே எஞ்சினைக் கழற்றவில்லை. வண்டியை ஓடவிட்டு ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தார். அதற்குள்ளிருந்து மெல்லிய புகை விட்டுவிட்டு வந்தது. முகத்தைச் சுளித்தார். எஞ்சினை நிறுத்தி நாலு சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தார். மூன்று காய்ந்து பழுப்பாக இருந்தன. ஒன்று மட்டும் கறுத்து, எண்ணெயில் நனைந்திருந்தது. இரண்டாம் சிலிண்டர் என்றார்.

அந்த நேரம் கட்டாரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. என் கணவர் அரை நாள் லீவு கேட்டு அறையில் இருந்தார். நான் போனைப் பொனட்டுக்குள் நீட்டிப் பிடித்தேன். காக்கா பிளக் இருந்த துளையில் ஒரு மானியைத் திருகினார். அடுப்புக் காஸ் சிலிண்டர் மூடி அளவுக்கு வட்டமான முகம், அதில் ஒரு முள். என்னை உள்ளே ஏறி எக்ஸிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் அடிக்கச் சொன்னார். போனை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏறினேன். எஞ்சின் பற்றாமல் வெறுமனே உருண்டது. சிலிண்டருக்குள் அமுக்கப்படுகிற காற்றின் பலத்தை அந்த முள் காட்டுமாம். ரிங் சரியாக அடைத்திருந்தால் காற்று கசியாது, முள் ஏறும்.

மூன்று சிலிண்டரிலும் முள் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு ஏறியது. இரண்டாவதில் பாதியில் நின்றுவிட்டது. திரும்ப அடிக்கச் சொன்னார். திரும்பவும் பாதிதான்.

பிறகு ஒரு கரண்டி அளவு ஒயிலை அந்தத் துளைக்குள் ஊற்றினார். ஏன் என்று கேட்டேன். ரிங்கால் கசிகிறதென்றால் ஒயில் அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரத்துக்கு அடைக்கும், முள் ஏறும். ஏறாவிட்டால் குற்றம் வால்விலோ ஹெட்டிலோ என்றார். நான் மிதித்தேன். பக்கக் கண்ணாடியால் தலையை நீட்டிக் காக்காவின் முகத்தைத்தான் பார்த்தேன். முள் ஏறிவிட்டது என்பது அவர் தலையாட்டியதில் தெரிந்தது. எனக்கோ ஏறினால் நல்லதா, ஏறாவிட்டால் நல்லதா என்பது அந்த நேரம் மறந்துபோயிற்று. இறங்கி ஓடினேன்.

"ரிங்தான்," என்றார், போனைப் பார்த்து.

நான் போனை வாங்கினேன். என் கணவரின் தாடியில் நரை காதுவரை ஏறியிருந்தது. குரல் பதிவுகளிலேயே வாழ்ந்ததில் அதை நான் கவனிக்கவில்லை. எஞ்சினைக் காட்டு என்றார். நான் காட்டவில்லை, கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காக்காதான் பேச்சைத் தொடங்கினார். ரிங் பிடிக்கவில்லை என்பது நிச்சயம், ஆனால் அது தேய்ந்துதான் போனதா என்பது நிச்சயமில்லை என்றார். வண்டி எங்கே எங்கே ஓடுகிறது என்று கேட்டார். வீட்டுக்கும் பாடசாலைக்கும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். அப்படியென்றால் எஞ்சின் ஒரு நாளாவது சரியாகச் சூடாகியிருக்காது, கரி படிந்து ரிங் தன் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிப்போயிருக்கலாம், விரிய வழியில்லாமல் கிடக்கும் என்றார்.

"எஞ்சின இறக்க அவசரப்படாதீங்க தங்கச்சி. மருந்தூத்தி ஊறவெச்சிப் பாப்பம். எளகிச்செண்டா நல்லம். எளகல்லெண்டா பொறகு யோசிப்பம்."

கார் அங்கேயே நின்றது. கரி கரைக்கும் திரவத்தைச் சிலிண்டருக்குள் ஊற்றி ஊறவிட்டார். தினமும் பாடசாலை விட்டு வரும்போது முச்சக்கர வண்டியைக் கராஜ் வழியாக விடச் சொல்வேன். இறங்கிப் போய் அவரைத் தொந்தரவு செய்வதில்லை. தகரக் கூரையின் கீழே பொனட் திறந்தபடி கார் நிற்பதைப் பார்த்துவிட்டு வருவேன். கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று வீசும் காலம். வெயில் தாரில் கொதித்தது. வீட்டில் நான் சில காரியங்களைச் செய்யத் தொடங்கியிருந்தேன். அலுமாரியில் அவருடைய தட்டை ஒழித்துத் துடைத்தேன். சாரன்களை எடுத்துக் கழுவிப் போட்டேன். குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் அவருக்குப் பிடிக்காது, அதை மாற்றினேன். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

காக்கா மானியைத் திரும்பப் பொருத்திப் பார்த்த நாளில் மகளும் என்னோடு வந்தாள். இம்முறை என் கணவர் வேலையில் இருந்ததால் வீடியோ இல்லை. மகள் உள்ளே ஏறி மிதித்தாள். நான் மானியின் பக்கத்தில் நின்றேன். முள் முதல் உருட்டலில் பாதிக்கு வந்தது. அடுத்ததில் பாதியைத் தாண்டியது. பிறகு மெதுமெதுவாக ஏறி, மற்ற மூன்றும் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது. காக்கா ஒயில் ஊற்றியும் பார்த்தார். அதற்குமேல் பெரிதாக ஏறவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ். ஒட்டித்தான் இருந்திரிக்கி," என்றார். எஞ்சின் மாற்றத் தேவையில்லை, ஒயிலை மாற்றித் தருகிறேன், கிழமைக்கு ஒரு தடவையாவது தெற்கே கோமாரிப் பக்கம் நீளமாக ஓட்டுங்கள், பூரணமாகச் சூடானால் மிச்சமும் இளகும் என்று சொன்னார். என்றைக்காவது ஒருநாள் திறந்து ரிங் போடத்தான் வேண்டும். அதற்கு இன்னும் காலமிருக்கிறது என்றும் மறைக்காமல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பின்னேரத்து அஸர் தொழுகையை முடித்துவிட்டுக் கணவரின் அழைப்புக்காகக் காத்திருந்தேன். அழைத்ததும் போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். முள் ஏறியதை, மகள் மிதித்ததை, காக்கா சொன்னதை. இனி வரலாம் என்றும் சொல்லிவிட்டேன். அவர் நல்லம் நல்லம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். 

"புள்ள, நான் சைன் வெச்சிட்டன்," என்றார்.

எப்போது என்று கேட்டேன். புகை வந்ததாக நான் சொன்னதற்கும் முந்தின கிழமை என்றார்.

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. அப்படியென்றால் எதற்காக ரிங் பார்க்கச் சொன்னீர்கள், எதற்காக என்னை இத்தனை நாளும் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வைத்தீர்கள் என்று கேட்டேன். சத்தம் போடவில்லை. பக்கத்து அறையில் மகள் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். "மகளுக்கு வீடு கட்டணும். கார ஓட்டி வீடு கட்டேலா எண்டு எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும். வீடெண்டு சொன்னா நீயும் இரிங்க எண்டுதான் சொல்லுவாய். எஞ்சினெண்டு சொன்னா வாங்க எண்டு சொல்லுவாய். ஒன்ட வாயால வாங்க எண்டு கேக்கணும் போல இருந்திச்சு."

நான் போனை வைத்துவிட்டேன்.

கோபம்தான். ஆனால் அவர் சொன்னதில் பொய் இருந்ததென்று என்னால் சொல்ல முடியவில்லை. வீடு என்று சொல்லியிருந்தால் நான் இருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். போன தடவையும் அப்படித்தான் சொன்னேன். அதற்கு முந்திய தடவையும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் நான் நியாயமாகவே பேசியிருக்கிறேன். நியாயமாகப் பேசிப் பேசி, என் ஆசை என்னவென்று அந்த மனுஷனுக்குத் தெரியாமலே போய்விட்டது. அன்றும் மறுநாளும் அவருடைய பதிவுகளை நான் திறக்கவில்லை.

லீவு நாள் காலையில் மகளை ஏற்றிக்கொண்டு தெற்கே போனேன். காக்கா சொன்ன ஓட்டம் ஒன்று பாக்கி இருந்தது. வீட்டில் இருக்கவும் முடியவில்லை. அக்கரைப்பற்று வரைக்கும் சனமும் கடையும் பஸ்ஸும். அதைத் தாண்டியதும் வீதி திறந்துகொண்டது. நான் அதற்குமுன் அவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை. பின்கண்ணாடியில் முதலில் கொஞ்சம் நீலம் தெரிந்தது. திருக்கோவிலைக் கடந்தபோது குறைந்திருந்தது. கோமாரிக்குக் கிட்டப் போனபோது பின்னால் வீதிதான் தெரிந்தது.

தென்னந்தோப்பின் ஓரத்தில் நிறுத்தினேன். கடற்கரையில் தோணிகளைக் கரைக்கு ஏற்றியிருந்தார்கள். மகள் வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எனக்கு வீடு வேண்டாம், வாப்பா வரட்டும் என்றாள். அன்று எல்லாம் கேட்டிருக்கிறாள். அவளுடைய வயதில் நானும் இதைத்தான் என் வாப்பாவிடம் சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கட்டினார். அந்த வீட்டில்தான் இப்போது நாங்கள் இருவரும் இருக்கிறோம். ஆகவே அவளுக்குச் சரி என்றும் சொல்ல முடியவில்லை, பிழை என்றும் சொல்ல முடியவில்லை. உன் வாப்பாவிடம் நீயே சொல், எப்படியும் கட்டுவார், ஆனாலும் சொல் என்றேன்.

அன்று வெள்ளிக்கிழமை, எங்கள் முஸ்லிம் பாடசாலைக்குப் போல அவருக்கும் ஓய்வு நாள். எஞ்சினை நிறுத்தாமல் பொனட்டைத் திறந்துவைத்துவிட்டு அழைத்தேன். எடுத்தார். போனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல சத்தம்," என்றார் கடைசியில்.

நான் போனைக் காதில் வைத்தேன். "இஞ்ச பாருங்க மச்சான். வீட்டுக்காகத்தான் இரிக்கிற எண்டா இரிங்க. ஆனா நான் இரிங்க எண்டு சொன்னதா நினைச்சிராதீங்க. நான் வாங்க எண்டுதான் சொல்றன். இண்டைக்கும் சொல்றன், நாளைக்கும் சொல்லுவன்."

அவர் அழுதார். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவர் அழுததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் ஓயும் வரைக்கும் நான் போனை வைக்கவில்லை. மகள் தோணிகளின் பக்கம் நடந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடமும் அவர் அங்கேதான் இருந்தார். நடுவில் ஒரு தடவை லீவில் வந்தார். எங்கள் வீட்டுக் காணியின் பின்பாதியில் மகளின் வீட்டுக்கு அத்திவாரம் போட்டோம். அந்த மாதம் முழுவதும் அவர்தான் கார் ஓட்டினார். ஒவ்வொரு காலையும் ஒயில் மூடியைத் திறந்து கையை மேலே பிடித்துப் பார்ப்பார். திரும்பிப் போகும்போது கொழும்பு பஸ்ஸுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். கல்முனை பஸ் நிலையத்தில், அத்தனை சனத்துக்கு முன்னால், வாங்க என்று மட்டும் சொன்னேன். ஓம் என்றார். பஸ் புறப்பட்ட பிறகும் நான் காரை எடுக்காமல் நின்றதில், பின்னால் நின்ற முச்சக்கர வண்டிக்காரர் ஹோர்ன் அடித்தார்.

கிழமைக்கொரு தடவை கோமாரி வரைக்கும் இன்னமும் ஓட்டுகிறேன். கார் கொஞ்சம் ஒயில் குடிக்கத்தான் செய்கிறது. குளிரான காலைகளில் ஒரு தும்மலளவு நீலம் வரும், பிறகு நின்றுவிடும். காக்கா திறந்து பார்ப்போமா என்று ஒரு தடவை கேட்டார். எஞ்சினைத் திறக்கும்போது என் கணவர் இங்கே இருக்கவேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். மகளின் வீடு கூரை மட்டத்துக்கு வந்திருக்கிறது. உள்ளே பூச்சு இன்னும் இல்லை. அவள் பல்கலைக்கழக முடிவுக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் கப்பலில் ஒரு பெட்டி வந்தது. இங்கே எல்லோர் வீட்டுக்கும் பெட்டி வரும். பால்மா, சவர்க்காரம், போர்வை, பேரீச்சம்பழம். இதைக் கத்தியால் கீறித் திறந்தபோது மேலே அவருடைய வேலைச் சப்பாத்து இருந்தது. அதன் கீழே கருகிய அடியோடு ஒரு சட்டி, சோறாக்குகிற மின்சாரப் பானை, தேநீர்க் கோப்பை ஒன்று. அறையில் இனித் தேவையில்லாதவை, அவருக்கு முந்திப் புறப்பட்டு வந்தவை. பெட்டியின் அடியில், நடுவில் பள்ளம் விழுந்த அவருடைய தலையணை மடித்துத் திணிக்கப்பட்டிருந்தது.

மகள் அதை எடுத்து, வெயிலில் போடவா என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.